டெபியன் 13: எல்லையோர எடைமேடையிலிருந்து ஒரு மதிப்பீடு

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின், 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளியான 13ஆம் பதிப்பு, அதாவது ட்ரிக்ஸி, புதிதாக என்னென்ன தருகிறது என்பதைப் பலரும் எழுதிவிட்டார்கள். கேரள, தமிழ்நாட்டு எல்லையோரமான வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை வட்டாரத்து அரிசி ஆலைகளிலும் எடைமேடைகளிலும் கணினி பார்த்துக் கொடுக்கும் எனக்கு முக்கியமான கேள்வி வேறு. தயாரித்த நிறுவனம் எப்போதோ மூடப்பட்டு, மூலநிரலும் கிடைக்காமல் போன 32 பிட் நிரல் ஒன்று, இயங்குதளத்தை மாற்றிய மறுநாளும் லாரிக்கு ஒழுங்காக எடைச்சீட்டு அச்சிட்டுக் கொடுக்குமா? கொடுக்கிறது. அதற்குக் காரணமான முடிவுதான் இந்த வெளியீட்டில் எனக்கு மிகவும் பிடித்தது.

32 பிட் எண்ணில் நொடிகளைக் கணக்கிடும் நிரல்களுக்கு 2038 ஜனவரி 19 அன்று எண்ணிக்கை தீர்ந்துவிடும். இதைத் தவிர்க்க, ட்ரிக்ஸியில் ஏஆர்எம் வகையைச் சேர்ந்த 32 பிட் கட்டமைப்புகள் (செயலி வகைகள்) நேரத்தை 64 பிட்டில் வைக்கத் தொடங்கிவிட்டன. இந்த மாற்றத்துக்கு ஆட்பட்ட லைப்ரரிகளின் (பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல்தொகுதிகளின்) பெயர்களில் ‘டி64’ என்ற ஒட்டு சேர்ந்திருக்கிறது. இன்டெல் வகை 32 பிட் கணினிகளுக்கான ஐ386 கட்டமைப்பை மட்டும் பழையபடியே விட்டுவிட்டார்கள். 64 பிட் கணினியில் பழைய 32 பிட் நிரல்களை ஓட்டுவது ஒன்றே இனி அதன் வேலை என்பதால், அங்கும் கைவைத்திருந்தால் அதை வைத்திருப்பதற்கே பொருள் இல்லாமல் போயிருக்கும். 2038இல் எங்கள் நிரலுக்குத் தேதி குழம்பத்தான் போகிறது. அதுவரை ஓடும் என்பது ஆலைக்காரருக்குப் போதும். லைப்ரரிகளின் பெயர் அங்கும் மாறியதால் வரும் தொல்லைக்கும் வழி செய்திருக்கிறார்கள். ஐ386 போல, நேரத்தை வைக்கும் முறை மாறாத கட்டமைப்புகளில் ‘லிப்எஸ்எஸ்எல்3டி64’ என்ற தொகுப்பு (நிறுவத் தயாராகக் கட்டிவைத்த பொட்டலம்), ‘லிப்எஸ்எஸ்எல்3’ என்ற பழைய பெயருக்கும் தானே பொறுப்பேற்றுக்கொள்கிறது. ஆகவே பழைய பெயரைக் கேட்கும் தொகுப்புகள் முரண்டு பிடிக்காமல் ஏறிக்கொள்கின்றன.

நாமே மூலத்திலிருந்து கட்டிக்கொள்ளும் தொகுப்புகளின் விஷயம் இவ்வளவு சுகமானதல்ல. எடைகாட்டியிலிருந்து சீரியல் போர்ட் வழியாக எண்ணைப் படிக்கும் சிறிய சி நிரல் ஒன்றைத் தொகுப்பாக்கி வைத்திருக்கிறேன். டெபியன் 12இல் எச்சரிக்கைகளோடு கட்டிமுடிந்த அது, மூலநிரலை இயங்கும் நிரலாக மாற்றும் ட்ரிக்ஸியின் ஜிசிசி 14 கம்பைலரில் பாதியிலேயே நின்றது. எதைத் திருப்பித் தரும் என்று நிரலில் முன்பே அறிவிக்காமல் அழைக்கப்படும் ஃபங்ஷன்களை ஜிசிசி 14 பிழையாகவே கொள்கிறது. ‘எஃப்பெர்மிசிவ்’ என்ற தேர்வைக் கொடுத்தால் அவை மீண்டும் எச்சரிக்கைகளாக இறங்கிவிடும் என்றாலும், அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அறிவிக்கப்படாத ஃபங்ஷன் ஒரு சாதாரண முழு எண்ணைத் திருப்பித் தருவதாகப் பழைய கம்பைலர் எண்ணிக்கொள்ளும். உண்மையில் அது தருவது நினைவக முகவரியாக இருந்தால், 64 பிட் கணினியில் முகவரியின் மேல்பாதி வெட்டுப்பட்டுப் போகும். ஒத்திசைவு கெட்டதாகத் தோன்றும் இந்த இடத்தில் கம்பைலர் காட்டிக்கொடுத்தது நெடுநாள் ஒளிந்திருந்த கோளாறைத்தான். விடுபட்ட ஹெடர் கோப்பை ஒரு வரியில் சேர்த்ததும் தீர்ந்தது.

அந்த ஒரு வரியையும் அசல் மூலத்தில் நேரடியாக எழுதாமல் தனி பேட்சாக, அதாவது மாற்றத்தை மட்டும் குறிக்கும் கோப்பாக, வைக்கச் சொல்லும் டெபியனின் ஒழுங்கு இங்கேதான் கைகொடுக்கிறது. அசலின் புதிய பதிப்பு வந்தால் பேட்சுகளை மட்டும் அதன்மேல் மறுபடி பொருத்திப் பார்க்கலாம். சூழ்ந்த வரிகள் மாறி, பேட்ச் தோராயமாகப் பொருந்தினால்கூடத் தொகுப்புக் கருவி ஏற்பதில்லை. முதலில் எரிச்சலூட்டும் கண்டிப்பு இது, ஆனால் தவறான இடத்தில் ஒட்டிய பேட்சைத் தேடி அலைந்தவர்கள் குறை சொல்லமாட்டார்கள். லைப்ரரிகளைக் கட்டுபவர்களுக்கு இன்னொரு காவலும் உண்டு: முந்தைய பதிப்பின் சிம்பல் பட்டியலை (மற்ற நிரல்கள் அழைக்கக்கூடிய ஃபங்ஷன் முதலானவற்றின் பெயர்களை)த் தொகுப்போடு வைத்திருந்தால், புதிய பதிப்பில் ஏதேனும் ஒரு சிம்பல் காணாமல் போன உடனே கட்டுமானம் தோற்றுவிடும். அதை நம்பியிருக்கும் நிரல் வாடிக்கையாளர் முன்னால் விழுவதைவிட நம் மேசையில் விழுவது எவ்வளவோ மேல்.

குறை என்றால் ஒன்றைச் சொல்வேன். ஐ386க்கு இப்போது இயங்குதளத்தின் மையமான கெர்னலும் இல்லை, நிறுவியும் இல்லை. 32 பிட் மட்டுமே தெரிந்த பழைய பென்டியம் கணினிகள் இந்தப் பக்கத்து ஆலைகளில் இன்னும் தூசியோடு ஓடிக்கொண்டிருக்கின்றன, அவற்றை ட்ரிக்ஸிக்கு மாற்ற வழியில்லை. டெபியன் 12க்கான நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை இருப்பதால் அவசரப்படாமல் அதிலேயே இருக்கலாம். 64 பிட் கணினி வைத்திருப்பவர்கள் தாராளமாக மாறலாம். லோடு லாரிகள் வரிசையில் நிற்கும் நேரத்தில் மட்டும் வேண்டாம்.