மூக்கடைப்புக்கு எந்த மருந்து, எந்தப் புட்டி? பம்ப் வேலை செய்யாவிட்டால் என்ன செய்வது?

சளி பிடித்து மூக்கு அடைத்துக்கொண்டால் மருந்துக்கடை அலமாரியில் நான்கு வகை இருக்கும்: அடைப்பைச் சட்டெனத் திறக்கும் ஸ்ப்ரே, உப்புநீர், ஸ்டீராய்டு ஸ்ப்ரே, மாத்திரை. நான்கும் செய்யும் வேலை வேறு வேறு.

வேகத்தில் முதலிடம், சட்டெனத் திறக்கும் ஸ்ப்ரேக்களில் இருக்கும் ஆக்சிமெட்டாசோலினுக்கும் சைலோமெட்டாசோலினுக்கும்தான். மூக்கினுள் வீங்கிய ரத்தக்குழாய்களை இவை சுருக்குவதால் சில நிமிடங்களில் மூச்சு வரும். சிக்கல் பிறகுதான். 0.05% ஆக்சிமெட்டாசோலினைப் பெரியவர்கள் 10 முதல் 12 மணி நேர இடைவெளியில், நாளுக்கு அதிகபட்சம் 2 முறை, 3 நாள் வரை போடலாம். அதைத் தாண்டினால் மருந்தின் வேகம் தணியும்போது வீக்கம் முன்பைவிடக் கூடுதலாகத் திரும்பும். அதை அடக்க மறுபடி அடிப்பார்கள்; மாதக்கணக்கில் புட்டியும் கையுமாக அலைவது இப்படித்தான். உயர் ரத்த அழுத்தம், இதய நோய், கண் நீர் அழுத்தம், புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

உப்புநீர் மெதுவாகத்தான் வேலை செய்யும்: கெட்டிச் சளியை இளக்கி வெளியேற்றும், வீக்கத்தை நேரடியாகக் குறைக்காது. ஆனால் நாள் கணக்குக் கட்டுப்பாடு கிடையாது, குழந்தைக்கும் ஏற்றது. வீட்டில் கரைத்தால் 1 லிட்டர் நீருக்கு அயோடின் சேராத உப்பு 9 கிராம். குழாய் நீரை அப்படியே மூக்கில் ஊற்றுவது ஆபத்து. மூளையைத் தாக்கும் அமீபா அதில் இருக்கக்கூடும். 1 நிமிடமாவது கொதிக்கவைத்து ஆறவைத்த நீரோ, காய்ச்சி வடித்த நீரோதான் வேண்டும்.

ஸ்டீராய்டு ஸ்ப்ரே ஒவ்வாமையால் வரும் அடைப்புக்கு நல்லது. முழுப் பலன் தெரிய சில நாட்களாகும் என்பதால் சாதாரணச் சளிக்கு வாங்குவது வீண்.

மாத்திரையில் உட்பொருளைப் பாருங்கள். ஃபினைலெஃப்ரின் என்றால் அலமாரியிலேயே விட்டுவிடலாம். குடலிலும் கல்லீரலிலும் பெரும்பகுதி சிதைந்துவிடுவதால் மூக்குக்குப் போய்ச் சேருவது சொற்பம். 2023 செப்டம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழுவும் இதற்குப் பலன் இல்லை என்றே முடிவு சொன்னது. சூடோஎஃபெட்ரின் பலன் தரும், ஆனால் தூக்கத்தைக் கெடுக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும்.

ஆக, சாதாரணச் சளிக்குப் பகலில் உப்புநீர், தூங்க முடியாத இரவில் மட்டும் ஆக்சிமெட்டாசோலின் என்பதே சரியான கூட்டு.

அடுத்தது புட்டி. இதை யாரும் கவனிப்பதில்லை. சொட்டு மருந்தில் அளவு தவறும், பாதி தொண்டைக்குள் இறங்கிவிடும். பிழியும் புட்டியில் அழுத்தத்துக்கேற்ப அளவு மாறும். மூக்குக்குள் வைத்தபடியே கையைத் தளர்த்தினால் சளியை உள்ளே இழுத்து மருந்தைக் கெடுத்துவிடும். அழுத்தியபடியே வெளியே எடுக்க வேண்டும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரே அளவு தரும் பம்ப் உள்ளதுதான் மேல். கெடுவதும் அதுதான்.

புதுப் பம்ப் பீய்ச்சாவிட்டால் உடனே பழுது என்று முடிவு கட்டாதீர்கள். குழாயில் காற்று நிரம்பியிருக்கும். புட்டியை நிமிர்த்திப் பிடித்து, சீரான தூவல் வரும்வரை காற்றில் அழுத்துங்கள். எத்தனை முறை என்பது துண்டுச்சீட்டில் இருக்கும். சில நாள் தொடாமல் வைத்த புட்டிக்கும் இதே வைத்தியம். தூவலுக்குப் பதில் ஒற்றைக் கோடாகப் பீய்ச்சினால் முனையில் மருந்து உலர்ந்து அடைத்திருக்கும். முனை கழலும் வகையென்றால் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கழுவி உலர்த்தலாம். ஊசியால் குத்தவே கூடாது; துளை பெரிதாகி அளவு மாறிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் வரவில்லையென்றால், அல்லது புட்டியின் கழுத்தில் கசிவோ வாங்கும்போதே உடைந்த முத்திரையோ இருந்தால், பழுது பார்ப்பதைவிடத் திருப்பிக் கொடுப்பதே சரி. மருந்தை வேறு புட்டிக்கு மாற்றினால் கிருமி சேரும், அளவும் தெரியாது. பிரித்த மருந்தைக் கடைக்காரர் மறுபடி விற்க முடியாது என்பதால் ‘பிடிக்கவில்லை’ என்ற காரணம் எடுபடாது; ‘பம்ப் பழுது’ என்று சொல்லி அங்கேயே அழுத்திக் காட்டுங்கள். பில், அட்டைப்பெட்டி, பேட்ச் எண் மூன்றும் கையில் இருக்கட்டும். மாற்றித் தர மறுத்தால் அதே பேட்ச் எண்ணைச் சொல்லித் தயாரிப்பு நிறுவனத்திடம் புகார் செய்யலாம்.

அதுவரை பழுதான புட்டி குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. ஆக்சிமெட்டாசோலினை 1, 2 மில்லிலிட்டர் விழுங்கினாலே சின்னக் குழந்தைக்கு இதயத்துடிப்பு குறைந்து மயக்கம் வரலாம்.