கொடியே இல்லாத பூசணித் தோட்டம்: பம்ப்கின் பேட்ச் டிக்கெட் எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

அமெரிக்காவில் அக்டோபர் வாரக் கடைசியில் குழந்தைகளோடு பம்ப்கின் பேட்ச் (ஹாலோவீன் பண்டிகைக்கு முகம் செதுக்கப் பூசணி வாங்கும் பண்ணை) கிளம்புகிறவர்கள் கவனத்துக்கு. விளம்பரத்தில் "கொடியிலிருந்து நீங்களே பறிக்கலாம்" என்று இருக்கும். போய் இறங்கினால், வெட்டிவிட்ட புல்தரையில் காய்களை அடுக்கி வைத்திருப்பார்கள். எல்லாக் காம்பும் ஏற்கெனவே கத்தரித்தது. வேறெங்கோ விளைந்து லாரியில் வந்து இறங்கிய சரக்கு. இறக்கி விற்பதில் தப்பே இல்லை. ஊருக்குள் காலி மனையில் கடை போடுகிறவர்கள் அதைத்தான் செய்கிறார்கள், உள்ளே போகவும் பெரும்பாலும் காசு கேட்பதில்லை. வயல் என்று சொல்லி நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு இதைக் காட்டுவதுதான் ஏமாற்று.

டிக்கெட் எடுக்கும் முன், போன அக்டோபரில் வந்தவர்கள் போட்ட படங்களைப் பாருங்கள். பண்ணைக்காரர் போட்ட படம் வேண்டாம். தரையில் மண் தெரிகிறதா, கொடி தெரிகிறதா? மாதக் கடைசியில் பனி விழுந்து கொடி கருகியிருக்கலாம், அது இயல்பு. ஆனால் சருகும் தண்டுமாவது கிடக்க வேண்டும்.

பெரிய பணம் போவது தராசில். பவுண்டு 89 சென்ட் என்று வையுங்கள். காய்களை இழுவண்டியோடு ஏற்றி நிறுத்து, வண்டி எடையைக் கழிக்க 'மறந்து'விட்டால், 20 பவுண்டு வண்டிக்கு மட்டும் 17.80 டாலர் தண்டம். கூட்ட நேரத்தில் இது யார் கண்ணிலும் படாது. காயை மட்டும் தூக்கி வைக்கச் சொல்லுங்கள். வைக்கும் முன் தராசு பூஜ்யம் காட்ட வேண்டும், எண் உங்களுக்குத் தெரிய வேண்டும், அரசு எடை அளவுத் துறையின் முத்திரைச் சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். ஊருக்குக் கிளம்பும்போது பெட்டி நிறுக்கும் கைத்தராசு எல்லார் வீட்டிலும் இருக்கிறதே, அதையும் ஒரு துணிப்பையையும் காரில் போட்டுக்கொண்டால் சந்தேகம் அங்கேயே தீரும்.

அடுத்து "எல்லாம் சேர்த்து" என்ற சொல். ஆளுக்கு 22 டாலர் என்றால் நான்கு பேருக்கு 88. இணையக் கட்டணம் டிக்கெட்டுக்கு 2.50 வீதம் 10, பார்க்கிங் 10. ஆக 108 டாலர் போன பிறகும் கையில் ஒரு காய்கூட இருக்காது. "பூசணி இலவசம்" என்றால் உள்ளங்கை அளவுக் காயாக இருக்கலாம், அளவைக் கேளுங்கள். ஹேரைடு (வைக்கோல் வண்டிச் சவாரி), சோளக்காட்டுப் புதிர்வழி, ஆட்டுக்குட்டிக்குத் தீனி, இவற்றில் எதற்குத் தனி டோக்கன், மிஞ்சிய டோக்கனுக்குப் பணம் திரும்பக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். இலவசம் 2 வயதுக்குக் கீழா, 2 வயது வரையா என்பதில் ஒரு டிக்கெட் கூடும் அல்லது குறையும். மழை பெய்தால் பணம் வருமா, வேறு நாள் மட்டும்தானா என்பதையும் வாங்கும் முன்பே படித்துவிடுங்கள்.

காய் எடுக்கும்போது: தோலில் நகம் இறங்கினால் முற்றவில்லை. காம்பு கெட்டியாக, மரம்போல் இருக்க வேண்டும். புரட்டி அடிப்பக்கத்தை அழுத்துங்கள். ஈரப் புல்லில் பல நாள் கிடந்த காய் அங்கேதான் முதலில் கொழகொழக்கும். குழந்தை காம்பைப் பிடித்துக் காயைத் தூக்க விடாதீர்கள். காம்பு முறிந்தால் அந்தக் காயம் வழியாக அழுகல் உள்ளே போகும், சில இடங்களில் அந்தக் காயை உங்கள் தலையிலும் கட்டிவிடுவார்கள். முகம் செதுக்கிய காய் ஒரு வாரம் நின்றால் பெரிது, எனவே ஹாலோவீனுக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் செதுக்கினால் போதும்.

செதுக்கும் பெரிய காயைச் சாம்பாருக்கு நம்பாதீர்கள், நாரும் தண்ணீரும்தான். சமைக்க 'சுகர் பை' எனும் சிறிய ரகம் பரவாயில்லை. நம் பரங்கிக்காய்க்கு நெருங்கிய சொந்தம் பட்டர்நட் என்ற பூசணி ரகம். அதைச் சாதாரண மளிகைக் கடையிலேயே வாங்கலாம்.

ஆடு, கோழி தொடும் இடத்தில் சோப்பும் ஓடும் தண்ணீரும் இல்லையென்றால் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை உள்ளே விடாதீர்கள். ஈ-கோலை கிருமி அந்த வயதில் சிறுநீரகம் வரை பாதிக்கும். சானிடைசர் புட்டி சோப்புக்கு ஈடாகாது. ஸ்ட்ரோலரும் பால்புட்டியும் வெளியே இருக்கட்டும்.

ஏமாந்துவிட்டால், விலைப் பலகை, தராசு எண், ரசீது மூன்றையும் அங்கேயே படம் எடுங்கள். முதலில் பண்ணைக்கு எழுதுங்கள். எடைத் தகராறு என்றால் மாநில அல்லது கவுன்டி எடை அளவுத் துறைக்குப் புகார் போகலாம். சொன்ன சேவை கிடைக்கவில்லை என்றால், கிரெடிட் கார்டு நிறுவனத்துக்கு அந்தத் தொகை வந்த முதல் ஸ்டேட்மென்ட்டிலிருந்து 60 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் இந்தக் கடைசி வழி கிடையாது.