இறக்குமதி வரியா, அளவுக் கட்டுப்பாடா? பருப்பை வைத்தே பார்க்கலாம்

2015-இல் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது. மளிகைக்கடையில் கால் கிலோ போதும் என்று கேட்டு வாங்கினோம். 2017-இல் விளைச்சல் கொட்டியது. மண்டியில் துவரை, குவிண்டாலுக்கு 5,050 ரூபாய் என்ற ஆதார விலைக்கும் கீழே போனது. மத்திய அரசு துவரை இறக்குமதிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் டன் என்று வரம்பு கட்டியது. கொண்டைக்கடலைக்கு 30% வரி. 2018 மார்ச்சில் அது 60%.

பணம் யாருக்கு?
வரி: அரசு கஜானாவுக்கு.
அளவு: அனுமதி கிடைத்தவருக்கு. வெளியே மலிவாக வாங்கி உள்ளே ஏற்றி விற்கலாம். சாப்பிடுகிறவர் கூடுதலாகக் கொடுக்கும் காசு அனுமதிச் சீட்டுக்குப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

விளைச்சல் பொய்த்தால்?
வரி: விலை ஏறினால் வரி கட்டியும் சரக்கு வரும்.
அளவு: வரம்பு தீர்ந்ததும் கதவு மூடிவிடும். துவரை வரம்பை 2019-இல் 4 லட்சம் டன்னாக உயர்த்த வேண்டியதாயிற்று.

வெளிநாட்டில் விலை சரிந்தால்?
வரி: மலிவுச் சரக்கு வரியையும் தாண்டி வந்துவிடும்.
அளவு: தாங்கும், வரம்புக்கு மேல் சரக்கு வராது.

அறுவடை நேரத்தில் விலை விழாமல் சில மாதம் தடுக்க வேண்டுமானால் அளவுக் கட்டுப்பாடு சரி. வருடக்கணக்கில் பாதுகாப்பு வேண்டுமென்றால் வரிதான், அதுவும் விதைப்புக்கு முன்பே அறிவித்த வரி.