கொத்தா, அப்பமா, தோசையா? கொழும்பின் உணவுக்கூடங்களில் எந்தக் கடைக்கு முன்னால் நிற்பது

பம்பலப்பிட்டி மெஜஸ்டிக் சிட்டியோ, கொம்பனித்தெரு சிட்டி சென்டரோ, காலிமுகத்திடல் பக்கம் வன் கோல்ஃபேஸோ, இந்த வணிக வளாகங்களின் உணவுக்கூடத்துக்குள் போனால் ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாகக் கடைகள். வரிசை நீளமான கடைதான் நல்ல கடை என்ற கணக்கு இங்கே சரிவராது. ஆள் குறைவாக வைத்து மெதுவாகச் சுடுகிற கடைக்கும் வரிசை நீளும். பார்க்க வேண்டியது வேறு: சாப்பாடு அடுப்பை விட்டு இறங்கி எவ்வளவு நேரம், அந்த நேரத்தை அது தாங்குமா? இந்தக் கணக்கில் கொத்தும் அப்பமும் நேரெதிர்.

முதலில் கொத்து. வீச்சு ரொட்டி அன்றைக்குப் போட்டதாக இருக்க வேண்டும், ஆனால் சுடச்சுட இருக்கக் கூடாது. சூடான ரொட்டியைக் கொத்தினால் களியாகும். சில மணி நேரம் ஆறவிட்டு நறுக்கிய ரொட்டிதான் துண்டு துண்டாக நிற்கும். இரண்டு நாள் கிடந்தது என்றால் ஓரம் விறைத்து, பழைய எண்ணெய் மணம் வரும். எவ்வளவு கறி ஊற்றினாலும் அது மறையாது. நறுக்கின ரொட்டியைச் சூட்டோடு பொலித்தீன் பையில் கட்டி வைத்திருந்தால் வேர்த்து ஒட்டிக் கட்டியாகிவிடும். தகட்டில் போடும்போது கொத்துக்காரர் கையால் பிய்த்துப் பிரிக்கிறாரா என்று கவனித்தால் இது தெரிந்துவிடும்.

அடுத்தது தகடு. எண்ணெய், வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பிறகு லீக்ஸ், கரட், கோவா (முட்டைக்கோஸ்). மரக்கறியை ஓரமாக ஒதுக்கி முட்டையை உடைத்து, அது பாதி இறுகினதும் ரொட்டி, கடைசியில் கறியும் குழம்பும். இரண்டு மூன்று ரொட்டி போன ஒரு பிளேட்டுக்கு ஓர் அகப்பைக் குழம்பு போதும். கெடுவது பெரும்பாலும் நெரிசல் நேரத்தில். இரவு எட்டு மணிக்கு நாலைந்து பேருடைய ஓடரைச் சேர்த்து ஒரே குவியலாகப் போட்டால் தகட்டின் சூடு இறங்கிவிடும். ரொட்டி வறுபடாமல் ஆவியில் அவியும். சத்தம் ஊருக்கே கேட்கும், தட்டில் வருவது சொதசொத. கொஞ்சம் பொறுத்தாலும் பரவாயில்லை, குவியல் சிறிதாக இருக்கும்போது ஓடர் கொடுப்பது நல்லது.

சீஸ் கொத்து குளிரூட்டிய கூடத்துக்குப் பொருந்தாத சாப்பாடு. சீஸும் பாலும் கடைசியில், அடுப்பைக் குறைத்த பிறகு சேர வேண்டும். முன்னாலேயே போட்டால் எண்ணெய் தனியாகப் பிரியும். சரியாகச் செய்தாலும் ஏசிக்குக் கீழ் பத்து நிமிடத்தில் இறுகிக் கட்டியாகிவிடும். இடம் தேடித் திரிந்து, ஆட்களுக்குக் காத்திருந்து சாப்பிடுகிற கூட்டமாக இருந்தால் சாதாரண கோழிக் கொத்தோடு நிற்கலாம். டொல்பின் கொத்தில் (பெயர்தான் அப்படி, டொல்பின் இல்லை) ரொட்டித் துண்டு பெரிது, கொத்துவது குறைவு. ஆகவே பழைய ரொட்டியை அதில் மறைக்க வழியில்லை. புதுக் கடையைச் சோதிக்க அதுவே நல்ல பரீட்சை.

அப்பத்தின் விஷயம் மாவிலேயே முடிந்துவிடுகிறது. அரைக் கிலோ அரிசி மாவுக்கு ஒரு தேக்கரண்டி ஈஸ்ட், ஒரு மேசைக்கரண்டி சீனி. கப்பிப்பாலில், அதாவது தண்ணியான தேங்காய்ப்பாலில், கரைத்து வைத்தால் கொழும்பு வெக்கைக்கு இரண்டு மூன்று மணி நேரத்தில் பொங்கும். உப்பும் முதற்பாலும் சுடுவதற்குச் சற்று முன்புதான். முதற்பால்தான் ஓரத்துக்கு மொறுமொறுப்பையும் பொன்னிறத்தையும் கொடுக்கிறது. தேங்காய் விலை ஏறும்போது கடைகள் முதலில் கைவைப்பதும் அதில்தான். அப்படிப்பட்ட அப்பம் வெளிறிப்போய், விளிம்பு தடித்து, ரப்பர்போல இழுபடும். பொங்காத மாவைச் சமாளிக்க அப்பச்சோடாவை அள்ளிப்போட்டால் நிறம் மங்கி, நாக்கில் சவர்க்காரச் சாயல் தட்டும். மாலையில் கரைத்த மா இரவு ஒன்பதரைக்குப் பிறகு புளித்துப்போய்த் தாச்சியில் ஒட்டத் தொடங்கும். நல்ல அப்பம் ஓரத்தில் தானாகவே கழன்று வரும். சுடுகிறவர் கரண்டியால் சுரண்டுகிறார் என்றால் ஒன்று மா புளித்துவிட்டது, இல்லையென்றால் தாச்சி பழக்கப்படவில்லை.

முதலில் வெறும் அப்பம் ஒன்று மட்டும் கேட்டுச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு மிச்சத்தைச் சொல்லலாம். முட்டை அப்பத்தில் வெள்ளைக்கரு இறுகி மஞ்சள்கரு தளதளவென்று இருக்க வேண்டும். அதற்கு மூடி போட்டு இரண்டு மூன்று நிமிடம் போதும். நாலு தாச்சியை ஒருவரே பார்க்கும் கடையில் ஐந்தாறு அப்பத்தை ஒரே ஓடராகக் கொடுத்தால், முதலில் சுட்டது கடைசி அப்பத்துக்காகக் காத்திருந்து துவண்டுவிடும். இரண்டிரண்டாக வாங்குவதுதான் புத்தி. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கித் தந்தால் அங்கேயே தட்டில் பரப்பித் தரச் சொல்லிக் கேட்கலாம், யாரும் கோபிப்பதில்லை. தொட்டுக்கொள்ள, மிளகாயும் வெங்காயமும் இடித்த கட்டைச் சம்பல். சீனிச் சம்பல் கேட்பவர்களோடு சண்டையில்லை, ஆனால் புளித்த மாவை மறைக்க அந்த இனிப்பு வசதியாகப் போய்விடும்.

தோசைக்கடை இந்த இரண்டுக்கும் நடுவே. உளுந்தோடு கோதுமை மாவும் சேர்த்து, மஞ்சளும் தாளிதமும் போட்ட யாழ்ப்பாணத் தோசை மெத்தென்று இருக்கும். மொறுமொறு மசாலாத் தோசையை எதிர்பார்த்துப் போனவர் ஏமாறுவார். எது என்று பலகையில் பெரும்பாலும் எழுதியிருக்காது, கேட்க வேண்டும். கல் அதிகமாகக் காய்ந்திருந்தால் அகப்பையோடு மா சேர்ந்து இழுபட்டுத் தோசை ஓட்டை ஓட்டையாக வரும். அதனால்தான் ஒவ்வொரு தோசைக்கும் முன்னால் தண்ணீர் தெளிக்கிறார்கள், தெளிக்காத கடையில் இந்தக் கோளாறு சகஜம். சாம்பார் சூட்டிலேயே இருப்பதால் பயமில்லை. காலையில் அரைத்து வெளியே வைத்த தேங்காய்ச் சட்னியைப் பிற்பகலில் மணந்துவிட்டுத் தொடவும். உளுந்து வடை கண்முன் பொரிந்தால் மட்டும். கடலை வடை ஆறினாலும் தோஷமில்லை.

சோறு கறிக் கடைக்கு நேரம்தான் எல்லாம். பன்னிரண்டரைக்குப் போனால் கொத்தையும் தோசையையும் விடக் காசுக்கு நிறைவு அதிகம். இரண்டரைக்குப் பிறகு கீரை வறை கறுத்திருக்கும், பருப்பில் ஆடை படிந்திருக்கும், தேங்காய்ப்பால் கறி திரிந்திருக்கும். அந்த நேரத்தில் கத்தரிக்காய் மோஜு, கொறுக்காய்ப் புளி போட்ட மீன் அம்புல் தியல் இரண்டையும் நம்பலாம்; புளிப்பும் எண்ணெயும் உள்ளவை தாக்குப்பிடிக்கும். ரோல்ஸ், கட்லட், பட்டிஸ் பசிக்கு அல்ல, காத்திருப்புக்கு. கண்ணாடிப் பெட்டியின் உள்பக்கம் நீர் கோத்திருந்தால் மேலோடு நமுத்துவிட்டது என்று பொருள். மைக்ரோவேவில் சூடாக்கித் தந்தால் இன்னும் மோசம்.

வெள்ளிக்கிழமை, விரதம் என்று மச்சம் (மீன், இறைச்சி) தவிர்ப்பவர்களுக்குக் கொத்துக்கடை கண்ணிவெடி. மரக்கறிக் கொத்து என்று கேட்டாலும் குழம்பு கோழிக்கறியுடையதாக இருக்கலாம், தகடு இறைச்சி கொத்தியதாக இருக்கலாம். “அண்ணா, மச்சம் கொத்தாத தகடு இருக்கா? குழம்பு என்ன குழம்பு?” என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். தேங்காய்ச் சம்பல், சீனிச் சம்பல், கட்டைச் சம்பல் மூன்றிலும் மாசிக் கருவாடு சேர்ப்பது வழக்கம், இதை யாரும் முன்வந்து சொல்வதில்லை. வெறும் அப்பம் சைவம்தான், முட்டை உடைத்த தாச்சியில் சுடாதவரை. சைவக்கடையின் தோசை ஒன்றே கேள்வியில்லாமல் வாங்கக்கூடியது.

விலை ஒப்பிடும்போது பலகையை மட்டும் பார்க்காமல் வரி உட்பட்டதா என்றும் பார்க்கவும். 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 வீதம். வரி தனி என்று போட்ட கடையின் மலிவான கொத்து, பில் வரும்போது பக்கத்துக் கடையின் விலைக்கே வந்துவிடும். நீங்களே தட்டைத் தூக்கிக்கொண்டு போகும் இடத்தில் சேவைக் கட்டணம் போட்டிருந்தால் ஏன் என்று கேட்பதில் தப்பில்லை.

நாலு பேர் போனால், இரண்டு பேருக்கு ஒரு கோழிக் கொத்து, ஆளுக்கு ஓர் அப்பம், நடுவில் ஒரு தோசை. அப்பத்தைக் கடைசியாக ஓடர் கொடுத்து, கொத்து வந்த பிறகு போய் எடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோவதானால் கொத்து மட்டும். பிளாஸ்டிக் தட்டு, கரண்டி, இடியப்பத் தட்டு எல்லாம் 2023 ஒக்டோபர் முதலாம் திகதியிலிருந்து தடை என்பதால் பார்சல் காகிதப் பெட்டியில் வரலாம். மூடியை இறுக்க மூடாமல் ஒரு மூலையைத் திறந்துவிட்டால் வெள்ளவத்தை வரை போனாலும் ரொட்டி ஊறாது.