வெள்ளம் வடிந்த பிறகு மாட்டை எங்கே விடுவது: ஏரிப் புறம்போக்கிலா, கட்டுத்தறியிலா?

மிக்ஜாம் புயல் போன கையோடு தென்சென்னைப் பக்கம் மாடு வைத்திருந்த எல்லோருக்கும் ஒரே கவலைதான். கொட்டகையில் அடுக்கியிருந்த வைக்கோல் ஊறிப்போச்சு, இனி மாட்டுக்கு என்ன போடுவது? ஏரிப் புறம்போக்கில் தண்ணீர் இறங்க இறங்கப் புல் கிளம்பிவிடும், காசு கேட்காது. இல்லையென்றால் வெளியிலிருந்து வைக்கோலும் தவிடும் வரவழைத்துக் கட்டுத்தறியிலேயே வைத்துப் பார்க்க வேண்டும். நான் இரண்டாவதைத்தான் செய்தேன், 2023 டிசம்பரில் ஆரம்பித்து வெயில் ஏறும்வரை. அதனால் இந்த அலசலில் தராசு ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் தள்ளிவிடலாம். மேய்ச்சலுக்கு ஆள் போதும், கட்டிப்போட்டால் பணம் வேண்டும். கட்டிப்போட்டால் சாணி அள்ளுவது இரட்டை வேலை, கொசு, ஈரத்தரை, தரை காயாவிட்டால் மடி வீக்கம். மேயப் போகிற மாடு வழியில் ரோட்டில் நிற்கும், மாநகராட்சி வண்டி பிடித்துக்கொண்டு போகும். 2023-இல் முதல் தடவைக்கு 5,000 ரூபாய் இருந்த அபராதம் 2024-இல் 10,000 ஆனது, அதே மாடு மறுபடி சிக்கினால் 15,000. பள்ளிக்கரணைச் சதுப்பு பக்கம் பச்சை தெரிகிறதே என்று ஓட்டினால் அது வேறு வம்பு: அதில் ஒரு பெரும்பகுதி 2007-இலிருந்து காப்புக்காடு, 2022-இல் உலகம் காக்கவேண்டிய ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது, வனத்துறைக்காரர் கேட்டால் பதில் சொல்ல முடியாது.

பக்கத்துத் தெருவில் பரம்பரையாகப் பால் கறக்கிற பெரியவர் ஒருவர் என்னைத் திட்டவே திட்டினார். "மழை குடுத்த புல்லை வேணாம்னு சொல்லிட்டு கடையில போய் வைக்கோல் வாங்குறியேப்பா, காசு என்ன மரத்துலயா காய்க்குது?" அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் கணக்கு போட்டுப் பார்த்தால் அந்தப் புல் அவ்வளவு இலவசமும் இல்லை. 400 கிலோ எடையுள்ள கறவை மாட்டுக்கு ஈரம் நீக்கிய கணக்கில் ஒரு நாளைக்குச் சுமார் 10 கிலோ தீவனம் வேண்டும். மழைக்குப் பின் கிளம்பும் இளம்புல்லில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர்தான். அப்படியானால் 50 கிலோ புல் உள்ளே போனால்தான் வயிறு நிரம்பும், அரையடி உயரப் புல்லில் எந்த மாடு அவ்வளவு மேயும்? சாணி கூழாகப் போகும், பால் இறங்கும், கடைசியில் தவிடும் புண்ணாக்கும் எப்படியும் வாங்கத்தான் வேண்டும்.

இதெல்லாம்கூட எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. என்னைத் தடுத்தது மாட்டின் ஈரலைப் பிடிக்கிற தட்டைப்புழு. இதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன், ஏனென்றால் வெள்ளம் என்றதும் எல்லோரும் கோமாரி, தொண்டை அடைப்பான் என்றுதான் பேசுகிறார்கள். அவை உடனே தெரியும், தடுப்பூசியும் இருக்கிறது. தட்டைப்புழுவுக்குத் தடுப்பூசி கிடையாது, காட்டிக்கொள்ளவும் செய்யாது. நோயுள்ள மாட்டின் சாணியோடு வெளியே வரும் முட்டை தண்ணீரில் பொரிந்து, நத்தைக்குள் புகுந்து பெருகி, மறுபடி வெளியே வந்து புல்லின் அடித்தண்டில் கண்ணுக்கே தெரியாத சிறு கூடாக ஒட்டிக்கொள்ளும். நத்தைக்குப் பிடித்த இடம் எது? ஏரி ஓரம், தேங்கின பள்ளம், தண்ணீர் மெல்ல வடிகிற சேற்று விளிம்பு. மாட்டுக்கு மழைக்குப் பிறகு பிடித்த இடமும் அதேதான், ஏனென்றால் முதல் பச்சை அங்கேதான் தலைகாட்டும். தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க மாடும் அதைப் பின்தொடர்ந்து அந்த விளிம்பையே மேய்ந்துகொண்டு போகும். வெள்ளமோ நாலு ஏரியின் தண்ணீரையும் சாணியையும் நத்தையையும் ஒன்றாகக் கலக்கிவிட்டிருக்கும், எந்த ஏரி சுத்தம் என்று யாரும் சொல்ல முடியாது.

டிசம்பரில் மேய்ந்ததற்கு டிசம்பரில் ஒன்றும் ஆகாது. உள்ளே போன குஞ்சுப்புழு ஈரலைத் துளைத்துக்கொண்டு போய்ப் பித்தக்குழாயில் குடியேறி வளர மூன்று மாதத்துக்கு மேல் பிடிக்கும். அப்புறம்தான் மாடு இளைக்கும், மயிர் சிலுப்பிக்கொள்ளும், கண்ணின் உள்சதை வெளுக்கும், காலையில் பார்த்தால் தாடைக்குக் கீழே நீர் கோத்துப் பை மாதிரி தொங்கும். அதைப் பார்க்கும்போது வெள்ளமே மறந்துபோயிருக்கும், கண் பட்டுவிட்டது என்று பூசணிக்காய் சுற்றிக்கொண்டிருப்போம். சினைக்கு நிற்காமல் போவதும், அடுத்த ஈற்றில் பால் குறைவதும் இதன் தொடர்ச்சிதான். மிக்ஜாமுக்குப் பிறகு அரசு இறந்த மாட்டுக்கு 37,500 ரூபாய் நிவாரணம் அறிவித்தது, சரி. இளைத்து நிற்கிற மாட்டுக்கு யார் தருவார்கள்? பூச்சி மருந்து ஊற்றிவிட்டால் போச்சு என்பார்கள். எல்லா மருந்தும் குஞ்சுப்புழுவைக் கொல்லாது, பல மருந்துகள் வளர்ந்த புழுவைத்தான் பிடிக்கும். ஊற்றிய பிறகு சில நாள் பாலை விற்கவும் கூடாது. அந்தப் பாலையும் கணக்கில் சேர்த்தால் வைக்கோல் செலவு ஒன்றுமே இல்லை.

தட்டைப்புழு எந்த ஊரிலும் இருக்கும், பிளாஸ்டிக் இங்கே நம்ம ஊர் கூடுதலாகத் தருவது. தண்ணீர் வடிந்ததும் ஏரிப்புல் நெடுக கேரி பை சுற்றிக்கொண்டு, சேறு பூசிக் கிடக்கும். புல்லோடு சேர்த்து மாடு இழுத்துவிடும். 2019-இல் வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் ஒரே பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ எடுத்தார்கள், பெரும்பாலும் பிளாஸ்டிக். அது ஒரு மழையில் சேர்ந்ததாக இருக்காது, ஆனால் ஒவ்வொரு மழையும் கொஞ்சம் சேர்க்கும்.

கட்டுத்தறியும் சொர்க்கம் இல்லை. நனைந்த வைக்கோலைக் காயவைத்துப் போட்டுவிடலாம் என்று தோன்றும். கட்டைப் பிரித்து உள்ளே கையை விட்டுப் பாருங்கள், சூடாக இருந்து வெள்ளையாகத் தூள் பறந்தால் எருக்குழியில் கொட்டிவிடுங்கள். ஈரம் பட்ட கடலைப் புண்ணாக்கு அதைவிட மோசம், பூஞ்சை விஷம் பாலுக்கே வந்துவிடும். சம்பா அறுவடை தை மாதம்தான் என்பதால் டிசம்பரில் கிடைப்பது பழைய வைக்கோல், விலையும் கூசாமல் கேட்பார்கள். வைக்கோலில் புரதம் நூற்றுக்கு நாலு பங்குகூடத் தேறாது, வெறும் வைக்கோலில் பால் கறக்க முடியாது. கோயம்பேட்டுக் கழிவு கைகொடுக்கும், கோஸ் இலையும் காலிஃபிளவர் தழையும் அன்றைக்கு வந்ததாக இருந்தால் மட்டும். மழையில் கிடந்து கொழகொழத்ததை எடுக்காதீர்கள். நிவாரண முகாமில் மிஞ்சிய சாதத்தை அண்டா அண்டாவாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள், நல்ல மனசுதான், அதைக் கொட்டினால் வயிறு புளித்து மாடு படுத்துவிடும்.

அமெரிக்காவில் காட்டுத்தீ பரவிய பொது மேய்ச்சல் நிலத்தைப் பெரும்பாலும் இரண்டு பருவம் மூடிவைப்பார்களாம், புல் வேர்பிடிக்கட்டும் என்று. அங்கே கவலை நிலத்துக்கு. நான் சொல்வது மாட்டுக்காக, ஆனாலும் இடத்தைக் கொஞ்சம் ஆறப்போடலாம் என்கிற யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது.

எருமையைப் பற்றி என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, வைத்திருந்ததில்லை. தண்ணீரில் கிடக்காத எருமையைக் கட்டிப்போட்டுச் சமாளிப்பது எப்படி என்று வைத்திருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும். ஆட்டுக்கு அகத்தி, முருங்கை, புளியந்தழை என்று தரைக்கு மேலே கிடைப்பதை ஒடித்துப் போட்டாலே பாதி ஆபத்து போய்விடும் என்று நினைக்கிறேன். எண்ணூர்ப் பக்கம் நிலைமையே வேறு. அந்த டிசம்பரில் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது, அந்தக் கரையோரப் புல்லை எந்தக் கணக்கிலும் சேர்க்க வேண்டாம்.

கையில் காசே இல்லை, மேய்த்துத்தான் ஆக வேண்டும் என்றால் மேட்டுப்பக்கமாக, வெயில் ஏறிப் புல்லின் ஈரம் காய்ந்த பிறகு ஓட்டுங்கள், சேற்று விளிம்புக்கு விடாதீர்கள், தண்ணீரை வீட்டிலேயே காட்டிவிட்டுக் கிளப்புங்கள். கட்டிப்போட்டாலும் மேய்த்தாலும் மாசி, பங்குனி வாக்கில் ஒரு பிடி புதுச் சாணியை டப்பாவில் போட்டு கால்நடை மருந்தகத்தில் கொடுத்து முட்டை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எந்த மருந்து, எவ்வளவு, சினை மாட்டுக்குக் கொடுக்கலாமா என்பதை டாக்டரிடம் கேளுங்கள், மருந்துக்கடைக்காரரிடம் அல்ல.