கொய்யா: பதியனா ஒட்டா, வெட்டுவதா வளைப்பதா?

2016 டிசம்பர் 12, வர்தா புயல் ஓய்ந்த நேரம். தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக் கொய்யா காம்பவுண்டுச் சுவர்மேல் சாய்ந்து கிடந்தது. பெரிய கிளை ஒன்றுகூட முறியவில்லை. வேர்தான் தோசைக்கல் மாதிரி வட்டமாக, தட்டையாக, மண்ணோடு பெயர்ந்து நின்றது. நடுவில் ஆணிவேர் என்று ஒன்று இல்லவே இல்லை. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "எங்க மரம் கொட்டையில மொளச்சது, அப்டியே கீதுபா" என்றார்.

எங்களுடையது விண்பதியன். கிளையில் பட்டையை வளையமாக உரித்து, பாசி வைத்துக் கட்டி, வேர் விட்டதும் வெட்டி நடுவது. அதில் பக்கவேர்கள்தான் வரும். காற்றுக்கு அது பலவீனம். ஆனால் ரகம் மாறாது. லக்னோ 49 என்று நட்டால் லக்னோ 49தான் காய்க்கும், அதுவும் இரண்டு மூன்று வருஷத்திலேயே. அக்கா வீட்டு மரம் புயலில் நின்றது சரி, பழமோ எலுமிச்சை அளவு, வாய் நிறையக் கொட்டை. விதைக்கன்று தாய்மரத்தின் குணத்தை அப்படியே கொண்டுவராது.

இரண்டுக்கும் நடுவில் வருவது ஒட்டுக்கன்று. கீழே விதையில் முளைத்த வேர்ச்செடி, மேலே நல்ல ரகத்தின் தண்டு. தரையில் நடுவதற்கு என் ஓட்டு இதற்கே. விலை கூடத்தான், பரவாயில்லை. வாங்கும்போது பையின் அடியைப் பாருங்கள்: ரொம்ப நாள் பையிலேயே கிடந்த கன்றின் ஆணிவேர் சுருண்டு வளையமாகியிருக்கும். அதை நட்டால் பதியனை நட்ட மாதிரிதான். ஒட்டுக்கட்டு, அதாவது வேர்ச்செடியும் தண்டும் சேரும் இடம், மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். அதற்குக் கீழே வரும் துளிரை உடனே கிள்ள வேண்டும், விட்டால் வேர்ச்செடியே மரமாகிவிடும். மொட்டைமாடி டிரம்மில் வளர்ப்பவர்களுக்குப் பதியனே போதும். அங்கே ஆணிவேருக்கு ஆழம் ஏது?

அடுத்தது கிளை. கொய்யா புதுத் துளிரில்தான் பூக்கும். அதனால் கிளையை வெட்டிக் கவாத்து செய்தாலும் காய்க்கும், வளைத்துக் கட்டினாலும் காய்க்கும். கவாத்து சுலபம், பத்து நிமிஷ வேலை. ஆனால் கொஞ்சம் அதிகமாக வெட்டிவிட்டால் மரம் கோபம் வந்ததுபோல் நேராகப் போத்துகளை விடும், உயரம்தான் கூடும். வளைத்தால் அப்படியில்லை. கட்டைவிரல் பருமனுள்ள கிளையை மெதுவாகச் சாய்த்து, நுனியில் பத்துப் பன்னிரண்டு ஜோடி இலையை மட்டும் விட்டு, மற்றதை உருவிவிட்டுக் கட்டுகிறேன். நுனி தாழ்ந்ததும் பக்க மொட்டுகளை அடக்கி வைத்திருந்த பிடி தளர்கிறது. பத்து நாளில் கிளையின் மேல்முதுகு நெடுக, கணுவுக்குக் கணு, பச்சைப் புள்ளிகள் வரிசை கட்டும். முதல் தடவை பார்த்தபோது வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

இடம்தான் சிக்கல். எங்களுக்கு இருப்பது நாலடிச் சந்து. நாலாபக்கமும் வளைத்தால் சைக்கிள் போகாது. ஐரோப்பாவில் பேரிக்காயைக் குயின்ஸ் என்ற சிறு மரத்தின் வேரில் ஒட்டிக் குள்ளமாக்கி, சுவரோரம் கம்பியில் இரண்டு பக்கமும் பரத்திக் கட்டுவார்கள். அந்த வேர் கொய்யாவுக்கு ஆகாது, கட்டும் முறை ஆகும். கிழக்குப் பார்த்த சுவரில் மூன்று கம்பி இழுத்து, புது ஒட்டுக்கன்றை அப்படித்தான் வளர்த்தேன். மேற்குப் பார்த்த சுவர் வேண்டாம், மத்தியான வெயிலில் சுவரே அடுப்பாகிவிடும்.

ஆடியில் வளைக்கிறேன். ஒன்றரை மாதத்தில் பூ, ஐப்பசி மழைக்குள் பிஞ்சு பிடித்துவிடும். பழுப்பது மழை விட்ட பிறகு, தை மாசியில். மழையில் பழுத்தால் சப்பென்று இருக்கும். துளிர் விட்டு கிளை அந்த நிலையில் நின்றதும் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள், மறந்தால் பருக்கிற பட்டையை அது அறுத்துவிடும்.