தம்புராவுக்குச் சுருதி சேர்க்க எந்த மென்பொருள்?

ஆண்ட்ராய்டில் பலரும் முதலில் இறக்கிப் பார்ப்பது ஸ்பெக்ட்ராய்ட். தந்தியை மீட்டியதும் அதிர்வெண்கள் வரைபடமாக எழும்பும். கண்ணுக்கு அழகுதான், ஆனால் சுருதி சேர்க்க நான் பரிந்துரைப்பது ஜெர்மனியின் ஆகென் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் ஃபைபாக்ஸ். ஐபோனிலும் ஓடும்.

காரணம் கணக்கில் இருக்கிறது. வரைபடம் காட்டும் மென்பொருள்கள் ஒலியைத் துண்டு துண்டாக வெட்டி, எஃப்.எஃப்.டி. என்ற கணக்கால் ஒவ்வொரு துண்டையும் அதிர்வெண்களாகப் பிரிக்கின்றன. நொடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலி அலையை அளந்து எடுக்கும் எண்கள்), துண்டுக்கு 4,096 என்று வைத்தால், வரைபடத்தில் அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 10.8 ஹெர்ட்ஸ் இடைவெளி. உச்சிப் புள்ளியை அப்படியே படித்தால் 5 ஹெர்ட்ஸ் வரை தப்பலாம். சுருதியின் உயரத்தைச் சொல்லும் கட்டைக் கணக்கில் ஒரு கட்டை 130.8 ஹெர்ட்ஸ், ஒன்றரைக் கட்டை 138.6. நடுவில் இருப்பதே 8 ஹெர்ட்ஸுக்குள்தான்! துண்டை 16,384 ஆக்கினால் இடைவெளி 2.7 ஹெர்ட்ஸாகக் குறையும். ஆனால் ஒரு துண்டே 0.37 நொடி ஆகிவிடுவதால், சுருதியை நுட்பமாகச் சரிசெய்யத் தந்தியில் கோத்த மணியை நகர்த்தும் கைக்கு ஈடுகொடுக்காமல் திரை பின்தங்கும்.

ஃபைபாக்ஸில் 'ஆடியோ ஆட்டோகோரிலேஷன்' என்ற சோதனையைத் திறந்தால் வேறு வழி. அலை எவ்வளவு நேரத்தில் மறுபடி அதே வடிவத்துக்கு வருகிறது என்று அது பார்க்கிறது. ஒரு கட்டைக்கு அந்த நேரம் அதே 44,100 கணக்கில் சுமார் 337 மாதிரிகள். அதில் ஒன்று பிசகினாலும் பிழை 0.4 ஹெர்ட்ஸ்தான். இன்னொன்றும் உண்டு. ஜீவாளி (நாதம் செழிக்கக் குதிரையில் தந்திக்கு அடியில் வைக்கும் நூல்) போட்ட தந்தியில், அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து எழும் மேல்சுரங்கள் பலமாகக் கேட்கும், போன் மைக்கோ அடிப்படையான கீழ்ச்சுரத்தைச் சரியாக வாங்காது. அதனால் வரைபடத்தில் 130.8-க்குப் பதில் அதன் இரட்டிப்பான 261.6 உயர்ந்து நின்று ஏமாற்றக்கூடும். மேல்சுரம் எவ்வளவு ஓங்கினாலும் மொத்த அலை திரும்பும் நேரம் மாறாது என்பதால் இந்த முறை அவ்வளவு எளிதில் ஏமாறாது.

சரி, நான்கு தந்திகளையும் சேர்த்து மீட்டினால்? ஃபைபாக்ஸ் தடுமாறும், ஒவ்வொரு தந்தியாகத்தான் பார்க்க வேண்டும். எல்லாம் கலந்து ஒலிக்கும் நாதத்தைப் பார்க்க ஸ்பெக்ட்ராய்டே நல்லது. கணினி என்றால் ஃப்ரிச்சர், அதுவும் இலவசம்.

ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளின் 'ப்ளாட் ஸ்பெக்ட்ரம்' பதிவு செய்த ஒலிக்கு மட்டுமே. உச்சியின் அதிர்வெண்ணையும் சுரப்பெயரையும் காட்டும், நிதானமாக ஆராய அருமையானது. சுருதி கூட்டும் நேரத்தில் பயன்படாது.

அப்புறம், எதை எடுத்தாலும் கணினியில் மைக்கின் இரைச்சல் நீக்கும் வசதியை முதலில் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் நீண்டு ஒலிக்கும் தம்புராவையே அது இரைச்சலாக எடுத்துக்கொண்டு மங்கடித்துவிடும்.